மண்ணிடம் கொடுத்துவைத்தவை

கள்ளக்குறிச்சியில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், இரும்புப் பெட்டியை எங்கே பதிக்கலாம் என்று எம்மிடம் யோசனை கேட்டார். பூசையறைச் சுவருக்குள்ளா, மாடிப்படிக்கு அடியிலா, துணி அலமாரிக்குப் பின்னாலா? தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், நம் பழைய நூல்களுக்கு இந்தக் கவலை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நள்ளிரவு மதுரையைக் காட்டுகிறார். அங்கே அணிகலன்களை நாடித் திரியும் கள்வர் வருகின்றனர். இருளோடு இருளாகக் கலக்கும் உடை, இடையில் நூலேணி, கையில் நிலத்தைத் தோண்டும் உளி. வாளும் ஏணியும் சரி, நிலத்தைத் தோண்டுவானேன்? சுவரடியில் கன்னம் வைப்பதற்கு என்று கொள்ளலாம். பொருள் மண்ணுக்கடியில் இருந்தது என்பதற்கு என்றும் கொள்ளலாம். எமக்கு இரண்டாவதும் பொருந்துவதாகவே தோன்றுகிறது. ஏனெனில் மாமூலனாரின் அகநானூற்றுப் பாடல்கள், நந்தர் கங்கை நீருக்கடியில் மறைத்த செல்வத்தையும், சேரன் மாந்தையில் மண்ணுக்குள் விட்ட நிதியத்தையும் எல்லாரும் அறிந்த செய்திபோலப் பேசுகின்றன. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனோ, மந்திரம், மருந்து முதலாகக் கருவி வரை கள்வருக்கு எட்டுத் துணைகள் உண்டென்று ஊர்க்காப்பாளருக்கு வகுப்பே எடுக்கிறான். களவு செய்தவனே களவிலக்கணம் சொல்லும் அந்த இடத்தை மாணவருக்கு நடத்தும்போதெல்லாம் இளங்கோவின் துணிச்சலை வியப்போம்.

ஒளிப்பதற்கும் இலக்கணம் இருந்தது. வைகானச மரபின் விமானார்ச்சன கல்பம், கள்வராலோ பகைவர் படையாலோ அச்சம் நேருமாயின் திருமேனியை நிலத்தில் மறைக்கும் முறையைச் சொல்கிறது. மறைவான இடத்தில் குழி தோண்டி, மணல் பரப்பி, பூமியிடம் வேண்டிக்கொண்டு படிமத்தைக் கிடத்த வேண்டும். அச்சம் நீங்கியபின் எடுத்து மீண்டும் வழிபாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நிலத்தையே பெட்டகமாக்கி, அதனிடம் பேசிவிட்டுப் பூட்டுகிற முறை இது. 1311இல் மாலிக் காபூர் படை மதுரை வரை வந்த காலத்திலும் பின்வந்த போர்க்காலங்களிலும் இவ்வாறு எத்தனை செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள் போயின என்று யாராலும் எண்ணிச் சொல்ல இயலாது. புதைத்தவர்கள் சிலர் திரும்பவில்லை. சிலர் சொல்லாமலே இறந்திருப்பார்கள்.

அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த எசாலத்தில் 1987இல் சிவன் கோயில் திருப்பணிக்காகத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளும் முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளும் ஒருசேரக் கிடைத்தன. மண் ஒன்றையும் கெடுக்கவில்லை. தமிழக வரலாற்றில் இதைவிட நம்பகமான காவலர் இல்லை என்று எழுதத் தோன்றும். ஆனால் பத்தூர் வேறு கதை. 1976இல் அங்கே தொழிலாளி ஒருவர் மண்வெட்டியால் வெட்டியபோது வெளிப்பட்ட நடராசர் கைமாறிக் கைமாறி இலண்டனைச் சென்றடைந்தார். கோயிலே தன் உடைமைக்காக வழக்காடலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, 1991இல் அவர் ஊர் திரும்பினார். பல நூற்றாண்டுகள் கள்வரிடமிருந்து காத்த மண், ஒரே ஒரு பகலில் கைவிட்டது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அச்சட்டம் கண்டெடுத்தவருக்கும் பங்கு தருகிறது. அது மண்வெட்டி பிடித்தவரின் காதுக்கு எட்டுவதுதான் இல்லை.

பம்பாயில் கோத்ரேசு நிறுவனம் 1897இல் பூட்டும் 1902இல் இரும்புப் பெட்டியும் செய்யத் தொடங்கிய பிறகு, வசதியுள்ளோர் மண்ணை விட்டு இரும்பை நம்பலாயினர். செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களை அறிவீர்கள், விரிக்கவில்லை.

நண்பரின் கேள்வியைச் சுமந்துகொண்டே சில வாரங்கள் கழித்து மாணவர்களோடு கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குச் சென்றோம். பெயரிலேயே வெள்ளியை வைத்திருக்கிற ஊர். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூவரின் சாகீராக இருந்து 1976இல் அரசின் கைக்கு வந்த மலை இது. மண்சுவர் வீட்டுத் திண்ணையில் இருந்த முதிய பெண்மணியிடம், அந்தக் காலத்தில் நகை, பணத்தையெல்லாம் எங்கே ஒளிப்பீர்கள் என்று கேட்டோம்.

"எங்ககிட்ட ஒளிக்க என்ன சாமி இருந்துச்சு? சாமை இருந்துச்சு. அத எலிகிட்டேருந்துதான் காப்பாத்தணும்" என்றார்.

வீட்டுக்குள் அழைத்துக் குதிரையும் காட்டினார். கல்லின்மேல் தூக்கி வைத்து, அடியில் எலி ஏறாதபடி செய்திருந்தார்கள். எம் மாணவர்கள் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. எம் பாட்டியின் குதிர் நினைவுக்கு வந்துவிட்டது.

பாட்டி தம் காசுமாலையை நெல்லுக்குள் வைத்திருப்பதாக வீட்டில் எல்லாரும் நம்பினர். பக்கவாதத்தில் நாக்கு விழுந்தபின், அவர் சமையலறைப் பக்கமாகக் கை காட்டிக்கொண்டே இருந்தார். குதிரைக் கொட்டிப் பார்த்தோம். அடுப்பு மேடையை இடித்தோம். தரையை முழங்கால் ஆழம் தோண்டினோம். தண்ணீர்தான் கேட்டாரோ என்று அத்தை இறுதிவரை சொல்லி அழுதார். அந்த வீடு பிறகு விலைபோயிற்று. வாங்கியவர்களிடம் நாம் எதையும் கேட்டதில்லை.

நண்பர் பெட்டியைப் பதித்துவிட்டார். எங்கே என்று இங்கே எழுத மாட்டோம். மகளிடமாவது சொல்லிவையுங்கள் என்றோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.