போர்ட்டெபே: வாள் போன பிறகும் போகாத சொல்

பழைய ஜெர்மன் ராணுவச் சின்னங்களைச் சேர்ப்பவர்களிடம் எல்லோரும் கூர்முனைத் தலைக்கவசத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். பெட்டியின் அடியில் ஒரு நாடா சுருண்டு கிடக்கும். அதன் நுனியில் ஒரு குஞ்சம். வாளின் கைப்பிடியில் கட்டுவது. பெயர் போர்ட்டெபே. என் கண் முதலில் போவது அதன்மேல்தான், பொருளைவிடப் பெயருக்காக.

பெயர் பிரெஞ்சு. ‘போர்த்’ என்றால் தாங்குவது, ‘எப்பே’ என்றால் வாள். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வாளை இடுப்பில் மாட்டும் வார். குஞ்சத்தை அவர்கள் ‘திராகோன்’ என்கிறார்கள். ஜெர்மானியர்கள் சொல்லைக் கடன் வாங்கி வேறொன்றின் தலையில் கட்டிவிட்டார்கள்.

தொடக்கத்தில் இது அலங்காரம் அல்ல. நாடாவை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால், சண்டையில் பிடி நழுவினாலும் வாள் கீழே விழாது. பிறகு நாடாவில் வெள்ளிச் சரிகை ஏறியது. சரிகையில் நாட்டின் நிறம் ஏறியது. பிரஷ்ய அதிகாரிக்கு வெள்ளியில் கறுப்பு இழை, பவேரியருக்கு நீலம், சாக்சனியருக்குப் பச்சை. சாதாரணச் சிப்பாய்க்குச் சரிகை கிடையாது. அவனுடைய குஞ்சத்துக்குப் பெயரும் வேறு: ‘ட்ரொடல்’. அதன் நிறத்தைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம்: முதலாவதுக்கு வெள்ளை, 2-க்குச் சிவப்பு, 3-க்கு மஞ்சள், 4-க்கு நீலம்.

கையில் எடுத்துப் பார்த்தால் காலம் தெரியும். பழைய வெள்ளிச் சரிகை, வீட்டில் பாட்டியின் கல்யாணப் புடவை கறுப்பதுபோலக் கறுத்திருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. நாஜி காலத்தில் வெள்ளியின் இடத்துக்கு அலுமினிய இழை வந்தது. அது வெளிறிய சாம்பல் நிறம். அந்தக் குஞ்சத்தில் சுவஸ்திகா இல்லை, அது தொங்கிய குத்துவாளில் உண்டு. புற ஊதா விளக்கில் நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். நூலுக்கு வெண்மையூட்டும் ரசாயனம் பரவலானது போருக்குப் பிறகுதான்.

சொல்லின் உண்மையான கதை ஃபெல்ட்வேபெல் என்ற பதவியில் இருக்கிறது. அவர் அதிகாரி அல்ல. ஆனாலும் அதிகாரியின் சரிகைக் குஞ்சத்தைக் கட்ட அவருக்கு உரிமை இருந்தது. அவருக்குக் கீழே இருந்தவர்களுக்கு அது இல்லை. இதனால் கீழ்நிலைத் தலைவர்கள் ‘போர்ட்டெபே உள்ளவர்கள்’, ‘போர்ட்டெபே இல்லாதவர்கள்’ என்று இரண்டாகப் பிரிந்தார்கள். பேச்சுவழக்கிலும் சொல் நுழைந்தது. ஒருவனைப் ‘போர்ட்டெபேயில் பிடிப்பது’ என்றால் அவனுடைய ரோஷத்தை, கடமையுணர்வை உசுப்பிவிடுவது.

1899 ஜனவரி 1-ஆம் தேதி பிரஷ்யா பதவிப் பெயர்களில் பிரெஞ்சு வாடையைக் குறைத்தது. ‘பிரெமியர் லெஃப்டினன்ட்’ போய் ‘ஓபர்லாய்ட்னன்ட்’ வந்தது. அதிகாரிப் பயிற்சியாளரான ‘போர்ட்டெபே ஃபேன்ரிஷ்’ வெறும் ‘ஃபேன்ரிஷ்’ ஆனார். அங்கே வெட்டுப்பட்ட சொல் ஃபெல்ட்வேபெலிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1955-இல் பிறந்த பண்டஸ்வேர் ராணுவம் அதிகாரிகளுக்கே வாள் தரவில்லை. ஆனால் அங்கே ஒருவர் ஃபெல்ட்வேபெல் ஆகும் நாளில் தோள்பட்டைச் சின்னத்தில் ஒரு கோணப் பட்டை ஏறுகிறது. அன்றிலிருந்து காகிதங்களில் அவர் ‘போர்ட்டெபே உள்ளவர்’. குஞ்சம் எதையும் அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை.