தச்சனின் கடியாரம்

புதிய கருவிகளைக் கண்டு மிரளுகிறவர்கள் பாமரர்கள்தான், படித்தவர்கள் உடனே வரவேற்பார்கள் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு தச்சனுக்கும் வான சாஸ்திரிகளுக்கும் நடந்த தகராறைப் படித்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

கப்பல் வடக்கே தெற்கே எங்கே இருக்கிறது என்பதை அக்காலத்து மாலுமி சூரியனைப் பார்த்தே சொல்லிவிடுவான். கிழக்கே மேற்கே எங்கே என்பது, அதாவது தீர்க்கரேகை, பெரும்பாலும் ஊகந்தான். 1707-ல் ஷொவல் என்ற தளபதியின் கப்பற்படை இப்படி இடம் தெரியாமல் வந்து, இங்கிலாந்துக்குத் தென்மேற்கேயுள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் மோதிற்று. நான்கு கப்பல்கள் போயின. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1714-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் பிசகாமல் சொல்ல வழி காட்டுகிறவருக்கு 20,000 பவுன் பரிசு!

வழி இரண்டு இருந்தன. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே புறப்பட்ட ஊரின் மணியைக் காட்டும் கடியாரம் கையில் இருந்தால், நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அலையாட்டத்திலும் வெயிலிலும் குளிரிலும் தவறாத கடியாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று நியூட்டனே சொல்லிவிட்டார். மற்ற வழி, நட்சத்திரங்களின் நடுவே சந்திரன் நகர்வதை அளந்து கணக்கிடுவது. வான சாஸ்திரிகள் நம்பியது இதைத்தான்.

1693-ல் யார்க்‌ஷயரில் பிறந்த ஜான் ஹாரிஸன் கல்லூரி வாசலை மிதிக்காத தச்சர். 1735-ல் முதல் கடற்கடியாரத்தைச் செய்தார். அதில் திருப்திப்படாமல் செய்து செய்து பார்த்து, 1759-ல் நான்காவதை முடித்தார். அது ஒரு சிறு தட்டளவே இருந்தது. 1761-ல் அவர் மகன் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு ஜமெய்காவுக்குக் கப்பலேறினான். 81 நாளில் அது பிந்தியது சுமார் ஐந்தே விநாடி!

பரிசு கிடைத்ததா? இல்லை. மறுபடி சோதனை வேண்டும் என்றது தீர்க்கரேகைக் குழு. 1764-ல் பார்படோஸுக்குப் போயிற்று. அரைப் பாகை என்றால் இரண்டு நிமிஷம். கடியாரம் தவறியதோ 39 விநாடி. அப்போதும் முழுப் பணம் வரவில்லை. கடியாரத்தின் மர்மத்தைத் திறந்து காட்டினால் பாதி. வேறு கடியாரங்களும் செய்து காட்டினால் மீதி என்று நிபந்தனை வந்தது.

பார்படோஸில் அளவெடுத்துச் சரிபார்க்கப் போனவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கலின். சந்திரக் கணக்கில் ஊறியவர். 1765-ல் அவர் அரச வான சாஸ்திரியானார். அந்தப் பதவியினால் குழுவிலும் இடம் பெற்றார். பிறகு கிரீன்விச்சில் கடியாரத்தைப் பல மாதம் சோதித்து, அதை நம்பமுடியாது என்று எழுதினார்.

இதை நான் கதையாக எழுதினால் மாஸ்கலின் வில்லனாகிவிடுவார். சரித்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவர் உழைப்பாளி. அவர் கொண்டுவந்த பஞ்சாங்கம் எத்தனையோ மாலுமிகளுக்கு வழி காட்டியது. ஒரு கடியாரம் ஓடினால் போதுமா, அதைப் போல நூறு செய்ய முடியுமா என்று குழு கேட்டதும் நியாயமே. ஆனால் ராத்திரி ராத்திரியாக வானத்தைப் பார்த்துச் சேர்த்த வித்தையை, ஒரு தச்சனின் பெட்டிக்குள் டிக் டிக் என்று ஓடும் சக்கரங்கள் தேவையில்லாததாக ஆக்கிவிடும் என்றால், எந்த வித்வான்தான் சிரித்த முகத்தோடு ஒப்புக்கொள்வார்? அவரையே தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்தார்களே, அதுதான் விபரீதம்.

கடைசியில் ஹாரிஸன் அரசரிடமே முறையிட்டார். மூன்றாம் ஜார்ஜ் 1772-ல் அவருடைய ஐந்தாவது கடியாரத்தைத் தாமே சோதித்து அசந்துபோனார். 1773-ல் பார்லிமெண்டு 8,750 பவுன் கொடுத்தது. குழு மட்டும் பரிசு என்று அறிவிக்கவே இல்லை. அதே சமயம் காப்டன் குக், நான்காவது கடியாரத்தைப் பார்த்துக் கெண்டால் என்பவர் செய்த பிரதியோடு தென் கடல்களில் சுற்றிக்கொண்டிருந்தார். 1775-ல் அவர் திரும்பி வந்து அதை மனமாரப் புகழ்ந்தார்.

மறு வருஷம் மார்ச் மாதம் ஹாரிஸன் காலமானார். அவருக்கு வயது 83.