பிடியரிசியும் ஒரு கேள்வியும்

தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுப்பது தருமமல்ல, நீதி என்று 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் சுற்றுமடல் போதித்தது. பெல்ஜியத்துக் குருவான யோசப் கார்டைன் இளந்தொழிலாளருக்குக் கற்பித்த 'பார், சிந்தி, செயற்படு' என்னும் வழியை, 1961இல் பாப்பரசர் 23ஆம் யோவானும் தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து பாடசாலைக்கு நடந்துவந்த நாங்கள் அந்த மூன்று சொற்களையும் மாணவர் இயக்கக் கூட்டங்களிலே கற்றோம். 1990இல் போர் மீண்டும் மூண்டு ஊர்கள் இடம்பெயர்ந்தன. பிடியரிசி சேர்த்தோம், பழைய சீருடைகளும் கொப்பிகளும் முகாம்களுக்குக் கொண்டுசென்றோம். பார்த்தோம், செயற்பட்டோம். 'இவர்கள் ஏன் வீடிழந்தார்கள்?' என்று சிந்திக்கவேண்டிய நடுச்சொல்லை மட்டும் பயத்தினால் தாண்டிப்போனோம்.

2006 ஜனவரி 2 அன்று நமது கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேர், போதிய சாட்சியமில்லை என 2019இல் விடுவிக்கப்பட்டனர். பெற்றோருடன் சேர்ந்து அழுதோம்; சேர்ந்து கேட்டவர்கள் நம்மில் சிலரே.

எங்களுள் மருத்துவரானவர்கள் காயத்துக்கு மருந்து கட்டும்போதே அது எப்படி வந்ததென்றும் கேட்கிறோம். சேவைக்கும் அந்தக் கேள்வி வேண்டும். நூற்றாண்டு காணும் நம் பாடசாலையின் பிள்ளைகள் பிடியரிசியைத் தொடரட்டும். 'ஏன்' என்று அவர்கள் கேட்கும் நாளில், பழைய மாணவிகளாகிய நாம் அவர்கள் பக்கத்தில் நிற்போம்.