பெண் வேஷமும் பெண்ணும்

1

தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் ஸ்திரீபார்ட் பற்றிப் பெருமையாகவே எழுதுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் மீசை அரும்பாத பையன்கள் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நின்றது, குரல் உடைந்ததும் வேறு பார்ட்டுக்கு மாறியது, தி. க. சண்முகம் ஔவையாராக நடித்து அந்தப் பெயரையே அடைமொழியாகச் சுமந்தது எல்லாம் பதிவாகியிருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. கே. பி. சுந்தராம்பாள் மேடையில் ராஜபார்ட் கட்டினார். 1935-ல் படத்தில் நந்தனாராகவே வந்தார். கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் பார்ப்பதில் நம் ஜனங்களுக்குச் சங்கடமே இருந்ததில்லை என்று இதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது சுலபம். வந்தும் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த முடிவில் சந்தேகம் உண்டு. அனுமதி வேஷத்துக்குத்தான் இருந்தது. விடியற்காலையில் அரிதாரத்தைக் கழுவி, வேட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கு இருந்தது. கழுவ மனம் வராதவரை நாடக வரலாறு எங்கும் எழுதவில்லை. அவரே எழுத வேண்டியிருந்தது. அ. ரேவதி தன் சுயசரிதையான ‘வெள்ளை மொழி’யில், சிறு பிராயத்தில் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குக் குறத்தி வேஷம் கட்டியதைச் சொல்கிறார். ஊர் மெச்சுகிறது; அச்சு அசல் பெண் என்கிறது. திருவிழா முடிந்து ஆண் உடைக்குத் திரும்பும்போதுதான் தான் வேஷம் போட்டுக்கொள்வதாக அவருக்குத் தோன்றுகிறது. நம் ஸ்திரீபார்ட் வரலாறு முழுவதையும் தலைகீழாகத் திருப்பிப் போட இந்த ஓர் இடம் போதும். ஊர் பார்த்தது பெண் வேஷத்தை. அங்கே நின்றது பெண்.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கடக்கத் தமிழ் மேடைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. எப்படிக் கடந்தது, என்ன விலை கொடுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

நான் இருப்பது மங்கலம்பேட்டை, விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையில். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பீங்கான். எங்கள் பக்கத்தில் ஆடி வரைக்கும் பாரதக் கூத்தும் தீமிதியும்தான் பேச்சு. உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் கூவாகம். தென்னாற்காடு மாவட்டமாக இருந்து, 1993-ல் விழுப்புரமாகி, 2019-ல் கள்ளக்குறிச்சிக்குப் போன ஊர். சித்திரையில் பதினெட்டு நாள் திருவிழா நடக்கும் கூத்தாண்டவர் கோயில் அங்கே இருக்கிறது.

கூத்தாண்டவர் என்பது அரவான். வியாச பாரதத்தில் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனோடு பொருது மடிகிறான். களப்பலியும் இல்லை, கல்யாணமும் இல்லை. களப்பலி தமிழுக்குரியது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரதவெண்பாவிலேயே அது வந்துவிடுகிறது. வில்லிபுத்தூரார் அதைத் தொடர்கிறார். சாகப்போகிறவனுக்கு ஒருத்தி மாலையிட வேண்டும், எவளும் முன்வராததால் கண்ணனே மோகினியாகி வந்தான் என்ற கதை கோயில் வழக்கில் வளர்ந்தது. பௌர்ணமியன்று பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் பந்தலடிக்கு வந்ததும் தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைச் சேலை.

பத்திரிகைகள் வருஷா வருஷம் இதைப் படம் பிடிக்கின்றன. அவை அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்வது திருநங்கைகள் மட்டுமல்ல. சுற்று வட்டாரத்து ஆண்களும் பையன்களும் வேண்டுதலுக்காகக் கட்டிக்கொள்கிறார்கள். நோய் தீர்ந்ததற்காக, பிள்ளை பிழைத்ததற்காக. மறுநாள் அறுத்துவிட்டு வயல் வேலைக்குப் போகிறார்கள். ஆக ஒரே கோயிலில், ஒரே இரவில், ஒரே சடங்கில் வேஷமும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறாள். ஒருவருக்குத் தாலி நேர்த்திக்கடன். இன்னொருவருக்கு அதுதான் ஆயுளில் சமூகம் அங்கீகரித்த ஒரே கல்யாணம். சடங்கு இந்த வித்தியாசத்தைக் கேட்பதில்லை. அதன் தாராளமும் குரூரமும் அதில்தான் இருக்கின்றன. பெண் என்று ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட மறுநாளே விதவையாக்கி அனுப்பிவிடுகிறது.

பாரதக் கூத்தில் அரவான் களப்பலி விடிய விடிய நடக்கும். நான் பார்த்தவற்றில் எனக்கு மறக்காமல் நிற்பவை பெண்வேஷங்கள். இடுப்பின் ஒடிவு, அடி வைக்கும் அளவு, முந்தானையைப் பிடிக்கும் விரல் எல்லாம் வாத்தியாரிடம் வருஷக்கணக்கில் கற்றவை. பெண்மை என்பது அங்கே ஓர் அடவு. திரௌபதி வேஷக்காரருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிற அதே ஜனம், கடைத்தெருவில் கை தட்டிக் காசு கேட்கிற ஒருவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரண்டையும் செய்வது ஒரே மனிதர்கள்தாம்.

3

சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, பதிவேட்டில் ஏற்றப்பட்ட ‘அலிகள்’ பெண் உடையில் வீதியில் தோன்றினாலோ, ஆடினாலோ, வாத்தியம் வாசித்தாலோ, பொதுக் காட்சி எதிலாவது கலந்துகொண்டாலோ பிடியாணையின்றிக் கைது செய்யலாம் என்றது. இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தப் பகுதி வடக்கத்திய மாகாணங்களைக் குறிவைத்தது. ஆனாலும் அரசாங்கத்தின் பார்வையை அது சொல்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1876-ல், நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதைப் பற்றி நாடகக்காரர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதர் ஆடுவதையே குற்றமாக்கிய முந்தைய சட்டத்தை நாடகத்துக்கு எதிரான சட்டமாக யாரும் எண்ணவில்லை.

நவீன நாடகம் வந்தது. 1977-ல் கூத்துப்பட்டறை, 1978-ல் பரீக்ஷாவும் நிஜ நாடக இயக்கமும், 1980-ல் பாதல் சர்க்கார் சென்னைக்கு வந்து நடத்திய பட்டறை, 1984-ல் சென்னைக் கலைக்குழு. நம் சிறுபத்திரிகைகளின் பக்கங்களில்தான் இவை பேசப்பட்டன. ந. முத்துசாமி கூத்தை நாடகத்தின் மூலமாகக் கண்டது பெரிய கண்டுபிடிப்பு. அடவை எடுத்துக்கொண்டோம், திரை வருகையை எடுத்துக்கொண்டோம், கட்டியக்காரனை எடுத்துக்கொண்டோம். பெண்வேஷத்தை மட்டும் விட்டுவிட்டோம். பெண்கள் நடிக்க வந்துவிட்டார்கள், இனி அது தேவையில்லை என்பது காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனால் பெண்வேஷத்தில் ஓர் அறிவு இருந்தது. ஆண், பெண் என்பது பிறப்போடு முடிந்துவிடுவதல்ல, உடம்பு பழகிக்கொள்வது என்ற அறிவு. அதை ஒரு விமர்சனப் பிரச்னையாக நம்மில் எவரும் எடுக்கவில்லை. வீதி நாடகங்கள் கூலி, நிலம், சாதி, வரதட்சிணை என்று சமூகத்தைப் பேசின. அந்தச் சமூகத்தில் திருநங்கை இல்லை. வந்தால் சிரிப்புக்கு வந்தார்.

காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகள் கிரீடம் கட்டி ஆண்வேஷம் ஆடக் கற்றபோது, அந்த அறிவு வேறு வழியில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

4

திருநங்கையர் மேடைக்கு வந்த வழி கலையின் வழி அல்ல. 1986-ல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. 1990களில் தடுப்பு வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் முளைத்தன. கூட்டம் கூடுகிற இடம் கூவாகம். ஆகவே ஆணுறை விநியோகமும் விழிப்புணர்வு நாடகமும் சித்திரையில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தன. உளுந்தூர்பேட்டையில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இருபது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் ஒரு திருநங்கை தன் தாயைப் பற்றிப் பேசினார்; நின்றிருந்தவர்கள் அசையவில்லை. பிறகு அவரே ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்து, நோய் பரவும் வழிகளை எண்ணிச் சொன்னார். கூட்டம் கலைந்தது.

நிதி கொடுப்பவர் கேட்பது செய்தி. எத்தனை காட்சி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. லாபம் கருதாத கலை அமைப்புகளின் விசித்திர நிலை இது: சந்தையிலிருந்து விடுதலை பெறுகிறார்கள், அறிக்கைக்கு அடிமையாகிறார்கள். ஆனால் இந்தப் பணம் இல்லாவிட்டால் ஓர் ஒத்திகை அறையில் பத்துத் திருநங்கையர் உட்கார்ந்து தம் கதையைப் பேசும் சந்தர்ப்பமே வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்தர்ப்பத்தை அட்டையின் பக்கமிருந்து தாயின் பக்கம் திருப்பியதில் அ. மங்கைக்குப் பங்கு உண்டு. 2000களில் அவர் நெறியாளுகையில் கண்ணாடிக் கலைக்குழுவின் திருநங்கையர் ‘மனசின் அழைப்பு’ போன்ற நாடகங்களைத் தம் அனுபவங்களிலிருந்தே கட்டினார்கள். பிற்பாடு ரேவதியின் ‘வெள்ளை மொழி’ தனிநபர் நிகழ்வாக அவர் நெறியாளுகையிலேயே மேடையேறியது, ரேவதியே நடித்தார். ஸ்ரீஜித் சுந்தரம் தன் குழுவுக்கு ‘கட்டியக்காரி’ என்று பெயர் வைத்தார். கூத்தின் கட்டியக்காரனைப் பெண்பாலாக்கிய அந்த ஒரு விகுதியில் ஒரு விமர்சனமே இருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் சேர்ந்து அமைத்த பன்மைக் குழுவில் நெறியாளர் வேறு, பொருளாகிறவர் வேறு என்ற பிரிவினையும் போயிற்று. தம் கதையைத் தாமே எழுதி, தாமே ஆடி, தாமே கேலியும் செய்துகொண்டார்கள். கேலி முக்கியம். பரிதாபத்தை எதிர்பார்த்து வந்த பார்வையாளனுக்கு அது கொஞ்சம் அசௌகரியம்.

5

சினிமாவில் கணக்கு இன்னும் வெளிப்படையானது. சந்தோஷ் சிவன் ‘நவரசா’வில் கூவாகத்தைப் படமாக்கினார். 2011-ல் ‘நர்த்தகி’யில் கல்கி சுப்பிரமணியம் நாயகியாக நடித்தார். இவை விதிவிலக்குகள். வித்யாவின் சுயசரிதை ‘நான் வித்யா’ கன்னடத்தில் படமானபோது அவராக நடித்தவர் சஞ்சாரி விஜய் என்ற ஆண். 2014-க்கான சிறந்த நடிகர் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. வித்யா தஞ்சையில் மாணவராக இருந்த நாட்களிலேயே மேடையேறியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். 2019-ல் ‘பேரன்பு’ வெளிவந்தது. திருநங்கையான அஞ்சலி அமீர் அதில் நடித்திருந்தார். அடுத்த மாதமே ‘சூப்பர் டீலக்ஸ்’. ஷில்பாவாக வந்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது. அவர்கள் நடிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. இருவரும் நன்றாகவே செய்தார்கள். ஆனால் விருது திரும்பத் திரும்ப எதற்குப் போகிறது என்று பாருங்கள். பெண் வேஷத்துக்கு. கழுவிவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறவருக்கு. பாய்ஸ் கம்பெனி இன்னும் மூடப்படவில்லை.

இதற்கு வெளியே ஒரு திரை வேண்டியிருந்தது. சென்னையில் ஓரினம் குழு, கோத்தே நிறுவனத்தின் துணையோடு 2013-ல் ‘ரீல் டிசையர்ஸ்’ திரைப்பட விழாவைத் தொடங்கியது. கட்டணம் கிடையாது. அதே ஆண்டு டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் 377-ம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்தது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த விடுதலை நான்கு ஆண்டில் பறிபோயிற்று. 2018 செப்டம்பர் 6 வரை அந்த நிலை. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தத் திரையிடல்கள் தொடர்ந்தன. சட்டம் குற்றவாளி என்று சொன்ன ஒருவர், தன்னைப்போல் ஒருவரைத் திரையில் பார்த்துவிட்டு, விளக்குப் போட்ட பிறகு பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச முடிந்தது. படங்களின் தரத்தைக் காட்டிலும் இது பெரிய காரியம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லத் தயங்குவேன். தரம் பற்றிப் பேசாதிருப்பதும் ஒருவகைப் பரிதாபமே.

பா. ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) புதுச்சேரியில் ஒரு நாடகக் குழுவைக் காட்டுகிறது. காதலைப் பற்றி நாடகம் போட உட்கார்ந்தவர்களிடையே ஒருபால் ஜோடிகளும் ஒரு திருநங்கையும் இருக்கிறார்கள். எவரும் விளக்கப்படுவதில்லை, ஒத்திகைக்கு வந்தவர்களாக இருக்கிறார்கள். விவாதம் சாதியின் மேல் நடக்கிறது. 1978-ன் வீதி நாடகம் விட்டுவிட்டதை இந்தப் படம் எடுத்து வைத்துக்கொண்டது.

6

இனி நம் பொறுப்பு. இந்த நாடகங்களைப் பற்றி வருகிற குறிப்புகளில் ‘துணிச்சல்’ என்ற சொல் தவறாமல் இருக்கிறது. துணிச்சல் என்று எழுதியதும் விமர்சகனின் வேலை முடிந்துவிடுகிறது. அடவு எப்படி, குரல் எங்கே உடைந்தது, மௌனம் எத்தனை நேரம் நின்றது என்று எழுதத் தேவையில்லை. கூத்தில் பெண்வேஷக்காரரின் ஒரு கைவீச்சைப் பற்றி அரைமணி நேரம் சர்ச்சை செய்கிற நாம், ரேவதி மேடையில் நின்ற விதத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதவில்லை. வேஷத்துக்கு விமர்சனம் உண்டு, பெண்ணுக்கு அனுதாபம்தான் என்றால், கடைத்தெருவில் முகம் திருப்புகிறவனிடமிருந்து நாம் அதிகம் விலகிவிடவில்லை.

லீனா மணிமேகலை 2017-ல் எடுத்த ஓர் ஆவணப் படத்தில் வித்யாவும் கிளாடியும் சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். கதை அவ்வளவுதான். பாரதம் இல்லை, களப்பலி இல்லை, மோகினி இல்லை. இரண்டு நாடகக் கலைஞர்கள் வீடு பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை. கூவாகம் இவர்களுக்கு ஒரு இரவும் ஒரு பகலும் கொடுத்தது. வருஷத்தின் மிச்ச நாட்களை எழுத அவர்கள் தொடங்கிவிட்டார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்களாக நாம் இருக்கிறோமா என்பதுதான் பாக்கி.