ஒரு கிழங்கும் ஓர் எழுத்துப் பிழையும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், நீங்க ஹிஸ்டரி மேஜர். ஏதாவது சரித்திரமா எழுதிக் கொடுங்க. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றார் செயலாளர். ஆகவே, நண்பர்களே, சாம்பாரை விட்டுவிட்டு ஒரு கிழங்கைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்கக் கிழங்கு. ஆனால் கதை நமக்குப் புரியாத கதை அல்ல.

என் மகன் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் தலைநகரான பாய்ஸியில் வேலை பார்க்கிறான். ஒரு மே மாதக் கடைசியில் அங்கே போயிருந்தபோது, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஃபேர்ஃபீல்டு என்ற சிற்றூருக்குக் காரில் அழைத்துப் போனான். ஒரு மேடு ஏறி இறங்கியதும் பேத்தி கத்தினாள்: "தாத்தா, அங்க பாருங்க, ஏரி!"

நானும் ஏரி என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் தண்ணீர் இல்லை, பூ! முழங்கால் உயரத் தண்டுகளில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீலப் பூக்கள். அதன் பெயர் கமாஸ். அந்தச் சமவெளிக்கே கமாஸ் பிரெய்ரி என்றுதான் பெயர். பிரெய்ரி என்றால் பரந்த புல்வெளி.

ஏமாந்தது நாங்கள் மட்டும் அல்ல. அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணக் குழுவின் தலைவர் லூயிஸ், இதே மாநிலத்தின் வடபகுதியில் இந்தப் பூவைப் பார்த்துவிட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் தெளிந்த நீர் நிறைந்த ஏரி போல் இருக்கிறது என்று 1806 ஜூனில் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

பூ அழகுதான். விஷயம் மண்ணுக்கடியில் இருக்கிறது. சின்ன வெங்காயம் போன்ற ஒரு கிழங்கு. ஷோஷோனி, பானக், நெஸ் பெர்ஸ், பையூட் என்று அந்தப் பகுதியில் தொன்றுதொட்டு வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு இதுதான் குளிர்காலச் சோறு. வெட்டுவது பெண்களின் வேலை. தீயில் வாட்டிக் கடினமாக்கிய கூர்மையான கம்பு, அதற்கு மான் கொம்பில் கைப்பிடி. பெருங்கிழங்கை எடுத்துக்கொண்டு சிறுசுகளை மண்ணிலேயே விட்டுவிடுவார்கள், அடுத்த வருஷத்துக்கு. கூடவே வெள்ளைப் பூ பூக்கும் ஒரு நச்சுச் செடியும் வளரும். பூ உதிர்ந்துவிட்டால் இரண்டு கிழங்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே பூத்திருக்கும்போதே வெள்ளையை அடையாளம் கண்டு களைந்துவிடுவார்கள். அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த படிப்பு இது.

சமையல் இன்னும் விசேஷம். தரையில் குழி தோண்டி, கல்லைப் போட்டு, தீ மூட்டிக் காயவிடுவார்கள். அதன்மேல் ஈரப் புல், புல்லின்மேல் கிழங்கு, மறுபடி புல், மேலே மண். அதற்கும் மேலே தீ. இப்படி ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட வேகும். காரணம் இருக்கிறது. இந்தக் கிழங்கில் இருக்கும் இனுலின் என்ற மாவுப்பொருளை நம் குடல் ஜீரணிக்காது. நீண்ட நேரச் சூட்டில் அது பழச்சர்க்கரையாக மாறிவிடும். வெள்ளையாகக் குழிக்குள் போனது கறுத்து, இனித்து வெளியே வரும். அதை இடித்துத் தட்டி, காயவைத்து, பனிக்காலத்துக்குச் சேர்த்து வைப்பார்கள். நம்ம ஊர் கருணைக்கிழங்கு பக்குவம் தெரியாதவன் கையில் நாக்கை அரிக்கும் இல்லையா, அதுபோல் இதற்கும் பக்குவம் தெரிய வேண்டும்.

1805 செப்டம்பரில் லூயிஸ், கிளார்க் குழுவினர் மலையைக் கடந்து பட்டினியாக வந்து சேர்ந்தபோது, நெஸ் பெர்ஸ் மக்கள் அவர்களுக்குக் கருவாட்டையும் கமாஸையும் கொடுத்துப் பசியாற்றினார்கள். காய்ந்த வயிற்றில் அள்ளிப் போட்டுக்கொண்டதில் பலருக்கும் வயிறு கெட்டுப்போனது வேறு கதை. ஆனால் உயிர் பிழைத்தார்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

1868 ஜூலை 3-ஆம் தேதி ஃபோர்ட் பிரிட்ஜர் என்ற கோட்டையில் அமெரிக்க அரசு ஷோஷோனி, பானக் மக்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. பானக் மக்களின் தலைவர் டாகீ. தங்களுக்கென்று நிலம் ஒதுக்கும்போது போர்ட்நூஃப் பகுதியும் கமாஸ் பிரெய்ரியும் வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. ஒப்புக்கொண்டாயிற்று. காகிதத்தில் ஏறியது எப்படித் தெரியுமா? "போர்ட்நூஃப், கான்சஸ் பிரெய்ரி பகுதிகள்" என்று! கமாஸ், கான்சஸ் ஆகிவிட்டது. கான்சஸ் என்பது அங்கிருந்து 1000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வேறொரு மாநிலம். ஐடஹோவில் கான்சஸ் பிரெய்ரி என்று ஓர் இடமே கிடையாது.

மறு வருஷம், 1869-ல், பானக் மக்களை ஃபோர்ட் ஹால் ஒதுக்கிடத்தில் சேர்த்தார்கள். கமாஸ் பிரெய்ரி அதில் வரவில்லை. சாலை வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தனியாகக் கிடந்தது. மக்கள் வழக்கம்போல் கோடையில் போய்க் கிழங்கு வெட்டி வந்தார்கள். ஆனால் குடியேறிய வெள்ளையர்கள் அங்கே மாடுகளையும் பன்றிகளையும் ஓட்டி வந்துவிட்டார்கள். பன்றி கிழங்குக் காட்டில் புகுந்தால் என்ன ஆகும் என்று நம்ம ஊர் விவசாயியிடம் சொல்லத் தேவையில்லை. அடுத்த வருஷத்துக்கு என்று பெண்கள் விட்டு வைத்த சிறு கிழங்கும் போயிற்று. ஒதுக்கிடத்தில் அரசு கொடுத்த ரேஷனோ அரை வயிற்றுக்குக் காணாது.

1878 மே மாதக் கடைசியில் பொறுமை அறுந்தது. கமாஸ் பிரெய்ரியில் கால்நடைகளோடு இருந்த வெள்ளையர் இருவர் சுடப்பட்டுக் காயமடைந்தார்கள். பானக் போர் தொடங்கியது. போருக்குத் தலைமை ஏற்ற பஃபலோ ஹார்ன், முந்தின வருஷம்தான் நெஸ் பெர்ஸ் போரில் அமெரிக்கப் படைக்கு வழிகாட்டியாக இருந்தவர்! ஜூன் மாதமே அவர் கொல்லப்பட்டார். இலையுதிர் காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. போரில் சேராத பையூட் குடும்பங்களையும் சேர்த்து, 500-க்கு மேற்பட்டவர்களைக் கொட்டும் பனியில் வாஷிங்டன் பிரதேசத்தின் யாக்கிமா ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோனார்கள். படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பையூட் பெண்மணி சாரா வின்னமக்கா, தம் மக்கள் பட்ட பாட்டை 1883-ல் புத்தகமாகவே எழுதினார்.

ஓர் எழுத்துப் பிழையால் போர் வந்தது என்று சொன்னால் நம்ம சரித்திரப் பேராசிரியர் காதைத் திருகியிருப்பார். "காரணம் ஒண்ணா இருக்காதுடா, தேடு" என்பார். (பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, 1968–71 செட்டுக்குத் தெரியும்.) தேடினேன். பிழை நடந்தது 1868-ல். போர் வந்தது 1878-ல். நடுவில் பத்து வருஷம். அது எந்த இடம் என்று அந்த மக்களுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். திருத்தாமல் இருப்பதில் லாபம் இருந்தவர்கள் திருத்தவில்லை. அவ்வளவுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. படிப்பு முடிந்து ஒரு தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு பெரியவருக்குக் கொடுத்த நகலில் சர்வே எண் 147-ஐ 174 என்று எழுதிவிட்டேன். அவர் வந்து, "ஐயா, நம்பர் மாறிப்போச்சுங்க" என்றார். "மனு எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்றேன். வந்தார், போனார், வந்தார். பயிர்க்கடன் கிடைக்காமல் அந்தப் போகம் அவர் நிலம் தரிசாகக் கிடந்தது. தப்பாக எழுதினது ஒரு நிமிஷம். திருத்தாமல் போட்டு வைத்தது பதினோரு மாசம். முதலாவது பிழை, இரண்டாவது குற்றம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. நீலப் பூக்களுக்கு நடுவில் நின்றபோது அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஆறுதலாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அதே 1868 உடன்படிக்கையில், ஆளில்லாத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமை அந்த மக்களுக்குத் தரப்பட்டிருந்தது. வேட்டை என்றால் மீன்பிடிப்பதும் சேர்த்தியா என்று வழக்கு வந்தது. அவர்கள் மொழியில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனித்தனி வினைச்சொல் கிடையாது. ஆகவே வேட்டை என்று கையெழுத்திட்டபோது அவர்கள் மனத்தில் இரண்டும் இருந்தன என்று 1972-ல் ஐடஹோ உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கையெழுத்துப் போட்டவன் என்ன புரிந்துகொண்டான் என்று நூறு வருஷம் கழித்தாவது ஒருவர் கேட்டார்களே!

சமவெளி திரும்பக் கிடைக்கவில்லை. அதில் பெரும்பகுதி இன்று விவசாய நிலம். மிஞ்சிய சதுப்பில் கமாஸ் பூக்கிறது.

நம் கல்லூரியில் படித்து ஆபீஸர்களாகவும் வக்கீல்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேஜைக்கு எதிரே ஒருவர் வந்து நின்று "ஐயா, எழுத்து மாறிப்போச்சு" என்றால், அன்றைக்கே திருத்திக் கொடுத்துவிடுங்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் யாருடைய குளிர்காலச் சோறு இருக்கிறதோ, நமக்குத் தெரியாது.