எண்ணெய் வருவாயும் தலைமுறைக் கடனும்: கிழக்குத் திமோரில் விடுதலைப் போராளிகளின் ஓய்வூதியம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அப்போரின் பெயரால் கடைசியாக ஓய்வூதியம் பெற்றவர், போர்வீரர் ஒருவரின் மகள், 2020-இல்தான் இறந்தார். 1890-களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஒன்றிய அரசின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவ்வகை ஓய்வூதியங்களுக்கே போனது. வளர்ந்துவரும் தொழிலும் இறக்குமதிச் சுங்கமும் அந்தச் சுமையைத் தாங்கின. தீர்ந்துபோகும் வளம் ஒன்றையே நம்பும் சிறிய நாட்டுக்கு அத்தகைய தாங்குதிறன் இல்லை. அங்கு நெடுங்காலச் செலவைத் தீர்மானிப்பவை தகுதி விதி, வாரிசு விதி, கணக்கு விதி ஆகிய மூன்றும்தான். களத்தில் நின்றோரின் எண்ணிக்கைக்கு அதில் சிறு பங்கே உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். சான்று, கிழக்குத் திமோர்.

கடனின் தோற்றம்

1975 டிசம்பரில் படையெடுத்த இந்தோனேசியா 1999 வரை கிழக்குத் திமோரை ஆண்டது. அக்காலத்தில் குறைந்தது 1,02,800 பேர் மோதலின் விளைவாக மாண்டனர் என்று உண்மை அறியும் ஆணையம் மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும். விடுதலைப் போராட்டத்துக்கு மதிப்பளிப்பதையும், போரில் உடல் ஊனமுற்றோரையும் மாண்டோரின் குடும்பத்தாரையும் காப்பதையும் அரசமைப்பின் 11ஆம் பிரிவு அரசின் கடமையாக்கியது. ஆகவே இந்த ஓய்வூதியம் சலுகையன்று, கடன்.

அரசியல் நெருக்கடி அந்தக் கடனை விரைவுபடுத்தியது. விடுதலைப் போராட்டத்தின் ஆயுதப் பிரிவான ஃபாலிண்டில் படை 2001-இல் கலைக்கப்பட்டபோது முகாமில் இருந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அவர்களிலும் 650 பேருக்கே புதிய ராணுவத்தில் இடம் கிடைத்தது. விடுபட்டோரின் மனக்குறை நாட்டின் அரசியலில் தங்கிவிட்டது. 2006-இல் ராணுவத்துக்குள் எழுந்த பிளவு தெருக் கலவரமாகி, சுமார் ஒன்றரை லட்சம் பேரை வீடிழக்கச் செய்தது. விடுதலைப் போராளிகளுக்கான 3/2006 எண் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. 2008 முதல் பணம் வழங்கப்பட்டபோது, நன்றிக்கடனோடு அமைதியை விலைக்கு வாங்கும் வேலையும் அதன் தலையில் விழுந்தது.

தகுதியும் வாரிசும்

ஆயுதப் போராட்டம், தலைமறைவு வலையமைப்பு, வெளிநாட்டு அரசியல் பணி என மூன்று முனைகளையும் சட்டம் ஏற்றது. எட்டாண்டோ அதற்கு மேலோ முழுநேரப் பணி செய்தோருக்கு மாத ஓய்வூதியம். நான்கு முதல் ஏழாண்டு வரை பணி செய்தோருக்கு ஒருமுறைத் தொகை. தலைமறைவுப் பணிக்கு வருகைப் பதிவேடு ஏது? சாட்சி சொல்வோரின் வாக்கே ஆவணமாயிற்று. 2009-இல் பதிவு மீண்டும் திறக்கப்பட்டதும் பட்டியல் பெருத்தது. வீட்டில் இருந்தபடியே உணவு கொடுத்து, கடிதம் கடத்தி, போராளிகளை ஒளித்துவைத்த பெண்கள் பலரால் ‘முழுநேரப் பணி’ என்று நிறுவ முடியவில்லை. விதி ஒருபுறம் தளர்வாகவும் மறுபுறம் குறுகலாகவும் இருந்தது.

இதனினும் பெரிய சுமை வாரிசு விதியிலிருந்து வருகிறது. மாண்டவரின் துணை, பிள்ளைகள், பெற்றோர் மட்டுமன்றி உடன்பிறந்தோரும் உரிமை கோரலாம். பயனாளிகளில் பெரும்பகுதியினர் இறந்தோரின் உறவினர்களே. களத்தில் நின்ற தலைமுறை மறைந்தாலும் செலவு அதே வேகத்தில் குறையாது.

வரி இல்லாத வருவாய்

பாயு-உண்டான் என்னும் கடலடி எண்ணெய்-எரிவாயு வயலின் வருவாயைக் காக்க 2005-இல் பெட்ரோலிய நிதியம் உருவானது. நிதியத்தின் இருப்பையும் இனி எதிர்பார்க்கும் எண்ணெய் வருவாயையும் கூட்டி, அதில் 3 விழுக்காட்டை ஆண்டுதோறும் எடுக்கலாம் என்பது நெறி. அந்த வரம்பை அரசுகள் பலமுறை மீறின. மக்கள் வரியிலிருந்து ஓய்வூதியம் கொடுத்தால் உயர்வு ஒவ்வொன்றையும் யாரோ தட்டிக்கேட்பார்கள். இங்கே பணம் நிதியத்திலிருந்து வருவதால் இழப்பவர்கள் நாளைய மக்கள். தீர்மானிப்பவர்களோ விடுதலைப் போராட்டத் தலைவர் சனானா குஸ்மாவ் முதலான போராட்டத் தலைமுறையினர். 2022-இல் போராளிகளுக்கெனத் தனி நிதியம் அமைக்க 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அத்திட்டம் நிலைக்கவில்லை என்றாலும், அத்தகைய முடிவை எடுப்பது எவ்வளவு எளிது என்பதை அது காட்டிவிட்டது.

இன்று பாயு-உண்டான் வற்றிவிட்டது. 2018-இல் ஆஸ்திரேலியாவுடன் கடல் எல்லை உடன்பாடு கையெழுத்தான பின்னும் அந்த எல்லையை ஒட்டிய கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயலில் உற்பத்தி தொடங்கவில்லை. செலவு இதே போக்கில் தொடர்ந்தால் 2030-களின் நடுப்பகுதியில் நிதியம் தீரலாம் என்று மதிப்பீடுகள் எச்சரிக்கின்றன. அந்தப் பணத்துக்கு வேறு அவசரத் தேவைகளும் உண்டு: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளரும் நாடு அது.

எதிர்வாதமும் தீர்வும்

ஓய்வூதியம் இல்லாமல் 2006-இன் கலவரம் மீண்டும் மூண்டிருந்தால் இதைவிட அதிகம் செலவாகியிருக்கும் என்பர். 2008-இன் சூழலுக்கு இது பொருந்தும். ஆனால் அன்று தணிய வேண்டியிருந்தது உயிரோடிருந்த போராளிகளின் கோபம்; மாண்டவரின் உடன்பிறந்தாருக்குப் பல பத்தாண்டுகள் பணம் தருவதால் அந்த அமைதி கூடுவதில்லை. ஆகவே போராளிகள், துணைகள், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் உரிமையைத் தொடாமல், பிள்ளைகளின் பங்கைக் கல்விக்காலத்தோடு நிறுத்தி, உடன்பிறந்தோரின் உரிமையைப் படிப்படியாக முடிப்பதே நேர்மையான வழி.

அதற்கு முன் திருத்த வேண்டியது கணக்கு விதி. 3 விழுக்காட்டு நெறி நிலத்தடியில் எஞ்சியுள்ள எண்ணெயைக்கூடச் சொத்தில் சேர்க்கிறது. ஏற்கெனவே வாக்களித்த ஓய்வூதியத்தைக் கடனாகக் கழிப்பதில்லை. வருங்கால ஓய்வூதியங்களின் இன்றைய மதிப்பைச் சொத்திலிருந்து கழித்த பிறகே அந்த விழுக்காட்டைக் கணக்கிட வேண்டும். அப்போது பட்டியலில் சேரும் ஒவ்வொரு பெயரும் அந்த ஆண்டே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எடுக்கக்கூடிய தொகையைக் குறைக்கும். அக்குறைவுக்கு நாடாளுமன்றம் உடனே பதில் சொல்லியாக வேண்டும்.