மரக்காணம் பூமீசுவரர் கோயில்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்திலுள்ள சோழர் காலச் சிவன் கோயில். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

கோயில் சுவரிலுள்ள கல்வெட்டுகளே ஊரின் பழைய ஆவணக்கிடங்கு. கல்லைத் துடைத்து, ஈரத்தாளை எழுத்துப் பள்ளங்களில் படியுமாறு தட்டி, மையொற்றிப் படியெடுப்பர். 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இத்தகைய மைப்படிகளிலிருந்து உருவானவை. கடற்காற்றின் உப்பு கல்லை அரிக்கும் இக்கரையில் இம்மைப்படிகளின் மதிப்பு மிகப் பெரிது.

1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் கட்டடத்தையும் இடத்தையும் காக்கிறது. ஆனால் சுற்றியுள்ள உப்பளங்களில், பாத்தியில் உப்புநீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விளைந்ததை வாரிக் குவிக்கும் தொழிலாளரின் கைத்திறன் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை; இது பெருங்குறை.